கடிகாரம் காட்டும் துடிப்பும் காட்டாத மாரடைப்பும்

முப்பது, நாற்பது வயதில் ஒருவர் திடீரென்று சரிந்து இறந்தார் என்ற செய்தி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அந்தப் பயத்தோடு இன்னொரு பழக்கமும் வளர்ந்திருக்கிறது. நெஞ்சு லேசாகப் படபடத்தால் போதும், மணிக்கட்டைத் திருப்பி ஸ்மார்ட் வாட்ச்சில் எண்ணைப் பார்க்கிறோம். 78 என்று இருந்தால் நிம்மதி. இந்த நிம்மதிக்கு ஆதாரம் கிடையாது. வாட்ச்சின் அடியில் மினுங்கும் பச்சை ஒளிக்கு நாடியை எண்ணத் தெரியும். மாரடைப்பை அடையாளம் காணத் தெரியாது.

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இந்த வேறுபாடு மற்ற பகுதிகளைவிடக் கூடுதலாக முக்கியம். அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகள், பாடியின் வாகன உதிரிபாக ஆலைகள், ஆவடி டேங்க் ஃபாக்டரி, பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் கம்பெனி பஸ்கள் என உடலை வைத்து உழைக்கிறவர்கள் நெருங்கி வாழும் பகுதி இது. ஷிப்ட் வேலை, தூக்கக் குறைவு, நேரம் தவறிய சாப்பாடு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்த வாழ்க்கை. அந்த வாழ்க்கைக்குக் காவல் என்று சொல்லி ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு வாட்ச் விற்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சந்தைக்கு 5 கோடிக்கும் அதிகமான ஸ்மார்ட் வாட்ச்கள் வந்ததாக ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. மறு ஆண்டு விற்பனை சரிந்தாலும், வாங்கிய வாட்ச்கள் கைகளில்தான் இருக்கின்றன.

அயப்பாக்கத்து ஆய்வு

திடீர் மரணங்கள் குறித்து நாட்டில் நடந்த முக்கியமான ஆய்வு ஒன்று இந்தப் பகுதியிலிருந்தே வந்தது என்பது இங்கு வாழ்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புப் பகுதியில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. கரோனாவுக்குப் பிறகு இளவயது மரணங்களுக்குத் தடுப்பூசியே காரணம் என்ற பேச்சு பரவியபோது, 19 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களைச் சேர்ந்த 47 மருத்துவமனைகளோடு இணைந்து இந்த நிறுவனம் அதை ஆராய்ந்தது.

2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை திடீரென்று இறந்த, 18 முதல் 45 வயதுக்குட்பட்ட 729 பேரின் விவரங்கள் எடுக்கப்பட்டன. அதே வயது, அதே பாலினம், அதே வட்டாரத்தைச் சேர்ந்த 2,916 பேரோடு அவை ஒப்பிடப்பட்டன. இறந்தவர்கள் எல்லாரும் அதற்கு முன் நோய் எதுவும் இருப்பதாக அறியப்படாதவர்கள்.

தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை என்று ஆய்வு சொன்னது. வேறு சில காரணிகள் ஆபத்தோடு தொடர்புபட்டிருந்தன: கரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் மட்டுமீறிக் குடித்தது, அதே 48 மணி நேரத்துக்குள் கடுமையான உடலுழைப்பிலோ பயிற்சியிலோ ஈடுபட்டது.

இந்தப் பட்டியலை வாட்ச்சோடு பொருத்திப் பாருங்கள். அப்பாவோ சித்தப்பாவோ இளவயதில் நெஞ்சுவலியில் போனார் என்பது எந்தப் பச்சை ஒளிக்கும் தெரியாது. முந்தின இரவு எவ்வளவு குடித்தோம் என்பதும் தெரியாது. மிச்சமிருப்பது கடுமையான உடற்பயிற்சி. “எவ்வளவு ஓடலாம், எப்போது நிறுத்தலாம் என்று வாட்ச்தான் சொல்கிறதே” என்று நம்பி ஜிம்மில் இறங்குகிறவர்கள் ஏராளம். வாட்ச்சின் கணக்கு அதிகமாகத் தடுமாறுவது அந்த நேரத்தில்தான்.

ஒளி எப்படி நாடியை எண்ணுகிறது?

வாட்ச்சின் அடியில் சின்ன எல்.இ.டி. விளக்குகளும் ஒளியை உணரும் ஒரு சில்லும் இருக்கின்றன. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலுக்கு அடியிலுள்ள நுண்குழாய்களில் ரத்தம் சற்றுப் பெருகி, பிறகு வடிகிறது. பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, வடியும்போது கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்க உடலியலாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மேன் 1930களிலேயே ஒளியால் நாடியைப் பதிவுசெய்தார். இதே அடிப்படையில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அஒயாகி 1970களில் வகுத்த முறையில்தான் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இயங்குகிறது. உலகமே அந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

வாட்ச் எண்ணும் அந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. கை அசைந்தால் வாட்ச்சுக்கும் தோலுக்கும் இடையே இடைவெளி மாறும், ஒளியும் மாறும். அசைவால் வந்த மாற்றம் எது, இதயத்தால் வந்த மாற்றம் எது என்று மென்பொருள் ஊகித்துத்தான் எண்ணைச் சொல்கிறது. ஊகம் தவறினால், நடக்கிறவரின் காலடிகளையே நாடித்துடிப்பாக எண்ணிவிடும். நிமிடத்துக்கு 110 அடி வைத்து நடக்கிறவருக்கு வாட்ச் 110 என்று காட்டினால், அது இதயத்தின் எண்ணா, காலின் எண்ணா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெவ்வேறு தோல் நிறம் கொண்ட 53 பேரை வைத்துப் பல நிறுவன வாட்ச்களைச் சோதித்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓய்வில் இருப்பதைவிட, உடல் இயங்கும்போது பிழை சராசரியாக 30% அதிகமாக இருந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் துல்லியம் வேறுபட்டது.

சோதனைக்கூடத்தில் நடந்ததே இவ்வளவு. நம் ஊர் நிலைமை இன்னும் கடினம். பிரஸ் ஷாப்பில் நிற்கிறவரின் கைக்குள் அதிர்வு போய்க்கொண்டே இருக்கும். மே மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழே வியர்வை பட்டைக்குள் வழியும். எண்ணெயும் தூசும் கண்ணாடியில் படியும். சி.டி.எச். ரோட்டில் பைக் கைப்பிடியைப் பிடித்து வருகிறவரின் மணிக்கட்டு குழிக்குக் குழி குலுங்கும். மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் அந்த மை ஒளியை மறிக்கும். பெரிய நிறுவனங்கள் தங்கள் கையேட்டிலேயே இதை ஒப்புக்கொள்கின்றன. சுழலும் இயந்திரத்தருகே கையில் எதுவும் கட்டக் கூடாது என்பது பட்டறையின் பாதுகாப்பு விதி என்பதால், லேத்தில் நிற்கிறவர் வேலை நேரத்தில் வாட்ச்சைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். இதயம் அதிகம் உழைக்கும் எட்டு மணி நேரத்துக்கு அவரிடம் பதிவே இருக்காது.

தோலின் நிறமும் ஒரு கேள்வி

கறுப்புத் தோலிலுள்ள மெலனின் ஒளியை உறிஞ்சும். டியூக் ஆய்வில் நாடியை எண்ணுவதைப் பொறுத்தவரை தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. அசைவுதான் பெரிய எதிரியாக இருந்தது. ஆனால், ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளப்பதில் கதை வேறு.

மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். ஆக்ஸிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை நேரடியாக எடுத்துச் சோதித்தபோது, வெள்ளையர்களில் 3.6% பேருக்கும் கறுப்பினத்தவரில் 11.7% பேருக்கும் ஆக்ஸிஜன் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது. கருவி “பரவாயில்லை” என்று சொன்னபோது உடல் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. கறுப்பினத்தவருக்கு அந்த ஆபத்து மூன்று மடங்கு.

கரோனா நாள்களை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். வீடு வீடாக வந்த களப்பணியாளர்களும் காய்ச்சல் முகாம்களும் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டித்தான் யாரை மருத்துவமனைக்கு அனுப்புவது என்று முடிவெடுத்தார்கள். அன்று நம்மிடம் இருந்தவற்றில் அதுவே சிறந்த வழி. அந்தக் கருவி ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், நம் தோலில் அது எவ்வளவு பிசகும் என்பதை நாமே அளந்து வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு வழிகாட்டியில், ஆக்ஸிமீட்டரைக் குறைந்தது 150 பேரிடம் சோதிக்க வேண்டும், எல்லாத் தோல் நிறத்தவரும் அதில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. முன்பு 10 பேர் போதும் என்றிருந்தது. மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை என்றால், மணிக்கட்டிலிருந்து ஆக்ஸிஜன் அளவைச் சொல்லும் மலிவு விலை வாட்ச்சை எதை வைத்து நம்புவது?

பிரஷர், சுகர் என்ற ஆசை

மிகவும் கவலை தருவது இந்த ஆசைதான். நடைபாதைக் கடையிலும் இணையத்திலும் “பிரஷர் பார்க்கும், சுகர் பார்க்கும்” என்று வாட்ச் விற்கிறார்கள். விரலில் குத்தாமல் சர்க்கரை அளவு தெரிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. இன்சுலின் போடுகிறவர் அந்தப் பொய் எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டினால், சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவார். உயிரும் போகலாம்.

ரத்த அழுத்தத்துக்கும் எச்சரிக்கை தேவை. அழுத்தத்தை மதிப்பிடும் வசதி தரும் சாம்சங்கே, கைப்பட்டை போட்டுப் பார்க்கும் வழக்கமான பிரஷர் மிஷினோடு 28 நாளுக்கு ஒருமுறை ஒத்துப்பார்த்துத் திருத்தச் சொல்கிறது. வாட்ச் வாங்கினாலும் மிஷின் வேண்டும் என்றுதான் இதற்குப் பொருள்.

தமிழ்நாட்டில் 2020இல் தொற்றா நோய்கள் குறித்து நடந்த ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பில் வயதுவந்தோரில் 33.9% பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் 17.6% பேருக்கு நீரிழிவும் இருப்பது தெரிந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3% மட்டுமே. இந்த ஊரின் இதயங்களை அரிக்கும் காரணங்கள் இவைதான். இவற்றைக் கண்டுபிடிக்கும் கருவிகளோ மலிவானவை, பழையவை, நம்பகமானவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் அவற்றைத் தெருவுக்கே கொண்டுவருகிறார்கள். வேலைக்குப் போகும் ஆண்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை என்பதுதான் குறை.

வாட்ச் உதவும் இடம்

வாட்ச்சைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும்போது, தூங்கும்போது நல்ல நிறுவன வாட்ச் நாடியை ஓரளவு சரியாகவே எண்ணும். ஓய்வு நேர நாடி சில வாரங்களாக ஏறிக்கொண்டே போனால் மருத்துவரைப் பார்க்க அது நல்ல காரணம். ஒழுங்கற்ற துடிப்பைப் பிடிப்பதிலும் பயன் இருக்கிறது. ஆப்பிள் வாட்ச் அணிந்த 4,19,297 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான ஆய்வில் 2,161 பேருக்கு எச்சரிக்கை வந்தது. அவர்களில் நெஞ்சில் ஒட்டும் இ.சி.ஜி. பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34% பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற, பக்கவாதத்துக்கு வழிவகுக்கும் துடிப்புக் கோளாறு உறுதியானது.

அந்தப் பயனுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பில்லை. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அடைபட்ட பிறகும் பலருக்கு நாடி 70, 80 என்று சீராகவே ஓடும். மணிக்கட்டின் தோலிலிருந்து திரும்பும் ஒளியில் அந்த அடைப்பின் சுவடு இருக்காது. இ.சி.ஜி. வசதி கொண்ட விலையுயர்ந்த வாட்ச்களும் இதயத்தை ஒரே கோணத்திலிருந்துதான் பார்க்கின்றன. தங்கள் வாட்ச் மாரடைப்பைக் கண்டறியாது என்று ஆப்பிள் நிறுவனமே எழுதிவைத்திருக்கிறது.

மாரடைப்பில் உயிரைக் காப்பது எது என்று தமிழ்நாடு ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், முகப்பேர் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லாசாரி உள்ளிட்டோர் நடத்திய ‘ஸ்டெமி’ திட்டம் அது. நெஞ்சுவலியோடு வருகிறவருக்குச் சிறிய மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ உடனே இ.சி.ஜி. எடுத்து, அதைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, அடைப்பைக் கரைக்கும் ஊசியையோ ஆஞ்சியோபிளாஸ்டியையோ விரைவுபடுத்துவதுதான் வழி. 2,420 நோயாளிகளைக் கொண்ட இந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறப்போர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. மார்பிலும் கைகால்களிலும் ஒட்டி எடுக்கும் சாதாரண இ.சி.ஜி. செய்த வேலை இது.

2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் நெஞ்சுவலிக்காரருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகியவை முதல் தவணையாகக் கொடுக்கப்படுகின்றன. இரவு நெஞ்சுவலி வந்தவர் வாட்ச்சைப் பார்த்து “நார்மல்தான், கேஸ் பிரச்சினையாக இருக்கும்” என்று விடியும்வரை படுத்திருந்தால் இத்தனை ஏற்பாடும் அவருக்கு எட்டாது.

என்ன செய்யலாம்?

முதலில் தனிமனிதர்களுக்கு. நெஞ்சை அழுத்துவதுபோல் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் வாட்ச்சைப் பார்க்காதீர்கள், 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம் என்பதால் திடீர்க் களைப்பையும் வியர்வையையும் அலட்சியம் செய்யக் கூடாது. வாட்ச் அணிகிறவர்கள் மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு பார்க்கலாம். எண்ணில் சந்தேகம் வந்தால் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரு விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரட்டிப்பாக்குங்கள். குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தால், ஜிம்மில் சேருமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லி இ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசுக்கு. 2020 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. “இது மருத்துவக் கருவி அல்ல” என்று பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, விளம்பரத்தில் பிரஷர், சுகர், ஆக்ஸிஜன் என்று முழங்குவதை இனியும் அனுமதிக்கக் கூடாது. அப்படி விளம்பரம் செய்கிறவர்கள் உரிமம் பெற வேண்டும். இல்லையென்றால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்க வேண்டும். வாட்ச்சிலுள்ள பி.ஐ.எஸ். பதிவு மின் பாதுகாப்புக்கானது, நாடிக்கணக்கின் துல்லியத்துக்கானதில்லை என்பதும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். “மாரடைப்பைக் கண்டறியாது” என்ற வாசகம் தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் பெரிய தமிழ் எழுத்தில் இருக்கட்டும்.

ஊழியர் நலம் என்ற பெயரில் வாட்ச் கொடுத்து அதன் பதிவுகளை நிர்வாகமோ காப்பீட்டு நிறுவனமோ பார்ப்பதற்கும் எல்லை வேண்டும். சண்டிகரில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். வாட்ச் கட்டியபோது அவர்கள் தெருவுக்கு வந்து போராட வேண்டியிருந்தது. இதயத்தின் பதிவு அதைவிட அந்தரங்கமானது.

சோதனை இங்கேயே நடக்கலாம். அயப்பாக்கத்தில் நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. தரமணியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுப் பூங்காவில் மருத்துவத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, சந்தையில் அதிகம் விற்கும் வாட்ச்களை அம்பத்தூர், ஆவடித் தொழிலாளர்களின் கைகளில், அவர்கள் வேலைசெய்யும் சூழலிலேயே இ.சி.ஜி.யோடு ஒப்பிட்டு, நிறுவனப் பெயரோடு தமிழில் வெளியிட்டால் நாடு முழுவதற்கும் பயன்படும்.

கடைசியாக ஆலைகளுக்கு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கொருமுறை இலவச உடல் பரிசோதனையை வலியுறுத்துகின்றன. அந்தப் பரிசோதனையில் இ.சி.ஜி.யையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டாயமாக்கி, வயது வரம்பை 30க்கு இறக்க வேண்டும். சிறு பட்டறை ஒவ்வொன்றும் தனியாக இ.சி.ஜி. கருவி வாங்க முடியாது. ஆனால், அம்பத்தூர் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கமான அய்மா நினைத்தால், தெருவுக்கு ஒரு கருவி, ஷிப்ட்டுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஊழியர், இ.சி.ஜி.யை உடனே பார்த்துப் பதில் சொல்ல ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையிலோ கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையிலோ ஒரு இதய மருத்துவர் என்று ஏற்பாடு செய்ய முடியும். இரவு ஷிப்ட் நடக்கும் தெருக்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.